ஒரே கம்பி, இரண்டு விலை

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

'நவகாலனியமும் ஆப்பிரிக்க நாடுகளின் வளர்ச்சியும்' என்று வானொலி நிலையத்தார் எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். விடுதலை பெற்ற ஒரு நாட்டின் பொருளாதாரத்தை வெளியிலிருந்து ஓட்டுவதைத்தான் நவகாலனியம் என்கிறார்கள். கேட்டதும் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருந்தது. ஆப்பிரிக்காவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. நானோ பொருளாதாரம் படித்தவன் இல்லை, கரண்டு படித்தவன். அதனால், நான் சோறு தின்ற ஒரே ஒரு ஆப்பிரிக்க நாட்டைப் பற்றி மட்டும் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். அந்த நாடு கானா. அங்கே டெமா என்ற துறைமுக நகரத்தில், ஒரு குளிர்பதனக் கிடங்கில், 1995 முதல் ஆறு வருடம் மின்பொறியாளராக வேலை பார்த்தேன்.

முதலில் மேட்டூரிலிருந்து தொடங்குகிறேன். நான் மேட்டூர்க்காரன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஏற்காட்டு மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் லாரி லாரியாகச் செம்மண் மாதிரி ஒன்று எங்கள் ஊருக்கு வந்து இறங்கும். அதுதான் பாக்சைட். மால்கோ என்ற அலுமினிய ஆலையில் அப்போது அதைக் கரைத்து, வடித்து, சுட்டு, கோலமாவு மாதிரி வெள்ளைப் பொடியாக்குவார்கள். அது அலுமினா. அந்தப் பொடியைத் தொட்டியில் போட்டு மின்சாரத்தைப் பாய்ச்சினால் அலுமினியம். மலை, பொடி, உலோகம் எல்லாம் ஒரே வட்டாரத்துக்குள். அலுமினியம் என்றால் உலகம் முழுக்க இப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டெமாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேறு மாதிரியும் செய்யலாம் என்று தெரிந்தது.

வீட்டில் ஒரு அலுமினியப் பாத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு கிலோ எடையுள்ள பாத்திரம் என்றால், அதற்குள் ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு டன்னுக்கு 15,000 யூனிட். மண் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். மின்சாரம் மலிவாகக் கிடைக்கிற இடம்தான் அலுமினியக் கம்பெனிக்குத் தாய்வீடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

கானாவில் வோல்டா என்று ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. 1915லேயே ஆல்பர்ட் கிட்சன் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர், இந்த ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுத்து, இங்கே கிடைக்கிற பாக்சைட்டை இங்கேயே அலுமினியம் ஆக்கலாம் என்று எழுதிவைத்தார். அப்போது அந்த நாட்டுக்குப் பெயர் கோல்டு கோஸ்ட், பிரிட்டிஷ் காலனி. 1950களில் பிரிட்டிஷ்காரர்களே ஒரு ஆணையம் வைத்து முழுத் திட்டமும் போட்டார்கள். சுரங்கம், அலுமினா ஆலை, உருக்காலை, அணை எல்லாமே அதில் இருந்தன. எங்கள் மேட்டூர் மாதிரியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1957 மார்ச் 6ஆம் தேதி கானாவுக்கு விடுதலை. குவாமே என்க்ருமா தலைவர். இந்த அணைதான் அவருக்குக் கனவு. மின்சாரம் வந்தால் ஆலை வரும், ஆலை வந்தால் கொக்கோவை மட்டும் நம்பியிருக்கிற பிழைப்பு மாறும் என்பது அவர் கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. கையில் பணம்தான் இல்லை.

இனிமேல்தான் விஷயம். அணை கட்டக் கடன் வேண்டும். உலக வங்கியிடம் போனால் முதல் கேள்வி, "கரண்டை யார் வாங்குவார்கள்?" சொந்த நாட்டில் அன்றைக்கு அவ்வளவு தேவை கிடையாது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் முப்பது வருடத்துக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் கடன் கிடைக்கும். அந்தப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காவின் கைசர் அலுமினியம். ரெனால்ட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியைப் பத்தில் ஒரு பங்குக்குச் சேர்த்துக்கொண்டு, அதாவது 90 சதவீதம் கைசர், 10 சதவீதம் ரெனால்ட்ஸ் என்று, டெமாவில் வால்கோ என்ற உருக்காலையை வைத்தார்கள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்து, மண்டபத்துக்கும் பணம் கட்டிவிட்ட பிறகு மாப்பிள்ளை வீட்டார் சீர் பேச வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் 1962 ஒப்பந்தம் எழுதப்பட்டது. என்க்ருமாவால் எழுந்து போக முடியாது, கைசரால் முடியும். பேரத்தில் வேறென்ன வேண்டும்?

என்ன எழுதினார்கள்? ஒரு யூனிட் மின்சாரம் 2.625 மில். ஆயிரம் மில் சேர்ந்தால் ஒரு டாலர். அதாவது ஒரு டாலர் கொடுத்தால் ஏறக்குறைய 380 யூனிட். சற்று முன்னால் சொன்னேனே, ஒரு டன் அலுமினியத்துக்கு 15,000 யூனிட் என்று. கணக்குப் போட்டால் ஒரு டன்னுக்கு மின்சாரச் செலவு 40 டாலர்கூட இல்லை. வரிச்சலுகை தனி, இறக்குமதித் தீர்வை விலக்கு தனி. இதெல்லாம் வருடக்கணக்கில் மாறாது என்றும் எழுதினார்கள்.

இதைவிட என் வயிற்றைக் கலக்கியது இன்னொன்று. பழைய திட்டத்திலிருந்த சுரங்கத்தையும் அலுமினா ஆலையையும் கைசர் வெட்டிவிட்டது. செலவு அதிகமாம். வெள்ளைப் பொடி கைசருக்குச் சொந்தமான ஆலைகளிலிருந்து, அமெரிக்காவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும், கப்பலில் டெமாவுக்கு வரும்.

கானாவில் பாக்சைட் இல்லையா என்றால், இருக்கிறது. அவாசோ என்ற ஊரில் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்தே தோண்டுகிறார்கள். அந்த மண் அப்போதெல்லாம் ரயிலேறி டகராடி துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகும். ஒரே கடற்கரை. மேற்கே டகராடியில் கானாவின் மண் கப்பலில் ஏறுகிறது. கிழக்கே டெமாவில் வேறு எவர் மண்ணிலிருந்தோ செய்த பொடி கப்பலிலிருந்து இறங்குகிறது. இரண்டு துறைமுகத்துக்கும் நடுவே சேலத்துக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தூரம்கூட இல்லை. மண் ஒருநாளும் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் துறைமுகத்துக்குப் போகிற வேலை எனக்கு. அந்தப் பொடி இறங்குகிற இடத்தில் நின்று எத்தனையோ தடவை ஏற்காட்டு லாரிகளை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆலைக்கு லாபம் வந்திருக்குமே, அதில் கானாவுக்கு வரி கிடைத்திருக்குமே என்று கேட்பீர்கள். உங்கள் தெருவில் மாவு மில் இருக்கிறதல்லவா? அரிசி உங்களுடையது, மாவும் உங்களுடையது. மில்காரருக்கு அரைவைக் கூலி மட்டும். வால்கோவை அப்படித்தான் வைத்திருந்தார்கள். பொடி முதலாளிகளுடையது, உருகி வருகிற உலோகமும் அவர்களுடையது. டெமாவில் இருக்கிற ஆலைக்கு அரைவைக் கூலி. அந்தக் கூலி எவ்வளவு என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். கூலியில் மிச்சம் பிடித்ததற்குத்தான் கானாவில் வரி. உலோகத்தின் லாபம் எந்த ஊர்க் கணக்குப் புத்தகத்தில் ஏறும் என்பதற்கு நீங்கள் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

சரி, அணைக்கு வருவோம். அகோசோம்போ என்ற இடத்தில் கட்டினார்கள். பின்னால் தேங்கிய வோல்டா ஏரி ஏறக்குறைய 8,500 சதுர கிலோமீட்டர். மனிதன் உண்டாக்கிய ஏரிகளில் பரப்பளவில் உலகிலேயே பெரியது. 700க்கும் மேற்பட்ட ஊர்கள் மூழ்கின. ஏறக்குறைய 80,000 பேரை 52 புது ஊர்களில் குடியேற்றினார்கள். அந்தக் குடியேற்ற ஊர்களில் பலவற்றுக்கு, அணை மின்சாரம் கொடுக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகியும் கம்பி வந்து சேரவில்லை. தேங்கிய தண்ணீரில் நத்தை பெருகி, சிறுநீரில் ரத்தம் போகிற பில்ஹார்சியா நோய் ஏரிக்கரைப் பிள்ளைகளிடம் பரவியது.

மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தி தலை காட்டும், மாதா கோயில் கோபுரம் தெரியும். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போவோம். வோல்டா ஏரியில் நிற்பவை மரங்கள். வெட்டாமலே மூழ்கடித்த காடு, பட்டுப்போய் தண்ணீருக்குள் நிற்கிறது. படகு மோதினால் அவ்வளவுதான். இன்றைக்கும் உயிர் போகிறது.

1966 ஜனவரி 22ஆம் தேதி என்க்ருமா அந்த மின்நிலையத்தைத் திறந்துவைத்தார். முப்பத்துமூன்றாம் நாள், பிப்ரவரி 24ஆம் தேதி, அவர் வியட்நாமுக்குப் போகிற வழியில் சீனத் தலைநகர் பீக்கிங்கில் இருந்தபோது, ராணுவமும் போலீசும் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தன. திரும்பி ஊர் பார்க்கவில்லை மனிதர்.

இதில் ஒரு விசித்திரம். அதற்கு முந்தைய வருடம், 1965இல், அவர் ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். தலைப்பே நவகாலனியம்தான். ஒரு நாட்டுக்குக் கொடி இருக்கும், நாடாளுமன்றம் இருக்கும், சுதந்திரத்தின் வெளி அடையாளம் எல்லாம் இருக்கும், ஆனால் அதன் பொருளாதாரத்தை வெளியிலிருந்து ஓட்டுவார்கள், அதனால் அரசியலையும் அவர்களே ஓட்டுவார்கள் என்பது அதில் அவர் சொன்னதன் சாரம். அமெரிக்க அரசு கோபித்துக்கொண்டு கண்டனம் தெரிவித்தது. நான் சொல்ல வருவது, அதை எழுதிய கைதான் 1962இல் அந்த ஒப்பந்தத்தையும் ஒப்புக்கொண்ட கை. தெரியாமல் ஏமாந்த மனிதர் இல்லை அவர். தெரிந்தே குறைந்த விலைக்குச் சம்மதித்தார். வேறு வழியில் அணை வராது என்பதும் அவருக்குத் தெரியும்.

அணையே கட்டியிருக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. இன்றைக்கும் கானாவில் விளக்கு எரிவதில் அந்த அணைக்குப் பெரிய பங்கு உண்டு. என் சண்டை அணையோடு இல்லை, அந்தக் காகிதத்தோடு.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டெமாவில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். அங்கேயும் மூத்த பெண்களை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். கென்கே விற்பார். மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து, உருண்டை பிடித்து, சோளத் தோகையில் சுற்றி வேகவைப்பது. பொரித்த மீனும் அரைத்த மிளகாயும் சேர்த்துத் தின்றால், எங்கள் ஊர்க் கம்மங்களிக்குப் பக்கத்து வீடு. ஆன்ட்டி பிறந்தது பழைய கேட்டே கிராச்சியில். ஏரிக்குள் போன ஊர் அது.

1998இல் மழை பொய்த்து ஏரி இறங்கிவிட்டது. ஊரெல்லாம் முறைவைத்து மின்வெட்டு. நம் ஊரிலும் 2012 வாக்கில் பட்டோமே, அதே மாதிரி. ஒரு ராத்திரி வாசலில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் வால்கோ பக்கம் வானம் வெளிச்சமாக இருந்தது. ஆன்ட்டி கேட்டார்: "நீ கரண்டு படித்தவன். என் பல்பையும் அந்த ஆலையையும் ஒரே கம்பியில்தானே கட்டியிருக்கிறார்கள்?"

ஒரே கம்பிதான் என்றேன்.

"பிறகு எப்படி என்னுடையது மட்டும் அணைகிறது?"

உருக்காலைத் தொட்டியில் நாலைந்து மணி நேரம் மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கிற உலோகம் உறைந்து தொட்டியே பாழாகிவிடும், அதனால் சட்டென்று அணைக்க முடியாது, அவர்களுக்கும் இந்த வருடம் வெட்டு விழுந்திருக்கிறது என்று விளக்கினேன். நான் சொன்னது அத்தனையும் நிஜம். தொழிலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஆன்ட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீன்கூடத்தான் கரண்டு இல்லாவிட்டால் பாழாகிறது" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்தப் பதிலுக்கு இன்றுவரை என்னிடம் மறுபேச்சு இல்லை. கம்பி ஒன்று. விலை இரண்டு. யாருடைய பொருள் பாழாகலாம், யாருடைய பொருள் பாழாகக் கூடாது என்பதை 1962இலேயே யாரோ எழுதிவிட்டார்கள்.

அந்தக் காகிதத்தை மாற்றவே முடியாதா? மாற்றினார்கள். ஜெர்ரி ராலிங்ஸ் ஆட்சியில், 1983இல் தொடங்கி இரண்டு வருடம் பேரம் பேசி, 1985இல் யூனிட் விலையை 17 மில் ஆக்கினார்கள். தொடக்க விலையோடு பார்த்தால் ஆறு மடங்குக்கும் மேல். கைசர் அப்போது ஓடிப்போய்விடவில்லை. அப்படியென்றால் அத்தனை வருடமும் அந்த விலையைக் கொடுக்க அவர்களுக்கு முடிந்துதான் இருந்தது. 2004இல் கைசர் தன் பங்கை கானா அரசிடமே விற்றுவிட்டு வெளியேறியது. 2008 முதல் ஆலை முழுக்க கானாவுடையது. அதற்குள் ஏரித் தண்ணீர் மட்டும் போதாத காலம் வந்துவிட்டது, மின்சாரம் ஆலைக்குக் கட்டுபடியாகாத விலையில். ஆலையைக் கொடுத்தார்கள், மலிவுக் காலத்தை அனுபவித்துவிட்டுக் கொடுத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நண்பர் விரலை மடக்கிக் காட்டுகிறார். அணையைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இப்படித்தான். கொக்கோவைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பல வருடங்களாக உலகக் கொக்கோவில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ கானாவும் பக்கத்து ஐவரி கோஸ்டும் சேர்ந்து விளைவிப்பது. 2024இல் கொக்கோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. சரி, கானா விவசாயிக்கு யோகம்தான் என்று நினைப்போம். ஏப்ரலில் அரசு விலையை உயர்த்திக் கொடுத்த பிறகும் அவர் கைக்கு வந்தது டன்னுக்கு ஏறக்குறைய 2,500 டாலர். காரணம், கொக்கோபோர்டு என்ற அரசு வாரியம் விளைச்சலை ஒரு வருடம் முன்னாலேயே பழைய விலைக்கு விற்று, அந்த ஒப்பந்தத்தைக் காட்டி வெளிநாட்டு வங்கிகளில் கடன் வாங்கித்தான் அதுவரை கொள்முதலே நடத்திவந்தது. பச்சை வயலை அடகு வைப்பதை நம் ஊரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே ஒரு நாடே அதைச் செய்தது. விவசாயிகள் பலர் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டையை எல்லை தாண்டிக் கடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் வெளிநாட்டுக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போவது நேர்மை இல்லை. அந்த வாரியம் வெள்ளைக்காரன் 1947இல் வைத்தது. சுதந்திர கானா அதைக் கலைக்கவில்லை, வசதியாக இருந்ததால் வைத்துக்கொண்டது. விவசாயிக்குக் குறைத்துக் கொடுத்து மிச்சத்தை எடுத்துக்கொள்ளும் வேலையை என்க்ருமாவும் செய்தார், அவரைக் கவிழ்த்தவர்களும் செய்தார்கள்.

அடுத்தது கோழி. நாமக்கல் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் காதைக் கொடுங்கள். நான் வேலை பார்த்தது குளிர்பதனக் கிடங்கு என்றேனே, அதில் இருந்தது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த உறைகோழி. அங்கே நெஞ்சுக்கறிக்குத்தான் மவுசு. காலும் இறக்கையும் கழிபொருள் மாதிரி, கிடைத்த விலைக்குக் கப்பலேறும். கானாவில் கோழி வளர்ப்பவரால் அந்த விலைக்குத் தீவனம்கூட வாங்க முடியாது. அந்தக் கோழி உருகாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். மைனஸ் 18 டிகிரி. சம்பளம் நன்றாக இருந்தது.

நான் ஊர் திரும்பிய பிறகு, 2003இல், கானா நாடாளுமன்றம் உறைகோழிக்கு இறக்குமதி வரியை 20இலிருந்து 40 சதவீதமாக்கிச் சட்டம் போட்டது. அரிசிக்கும் 25. முறையாக நிறைவேறிய சட்டம். கானாவுக்குக் கடன் கொடுக்கிற சர்வதேச நாணய நிதியம் வேண்டாம் என்றது, அரசு அமல்படுத்தாமல் நிறுத்திவிட்டது. கோழிப்பண்ணைக்காரர்கள் நீதிமன்றம் போய் ஜெயித்தார்கள். உடனே நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. இந்தியா அமெரிக்கக் கோழிக்காலுக்கு 100 சதவீதம் வரி வைத்தது. கானாவால் 40 வைக்க முடியவில்லை. கடன் வாங்கியவன் வீட்டில் குழம்புக்கு எத்தனை மிளகாய் என்பதைக்கூடக் கடன் கொடுத்தவன்தான் சொல்வான். 2022 டிசம்பரில் வெளிக்கடன் தவணையைக் கட்ட முடியாது என்று அறிவித்து, 2023இல் 300 கோடி டாலர் கேட்டு அதே நிதியத்திடம் மறுபடி போனார்கள். பதினேழாவது தடவை.

கடைசியாக ஒன்று பேச வைத்திருந்தேன், இரண்டு நிமிடம்கூட இல்லை என்கிறார்கள். அது முந்திரி. கானாவின் வெஞ்சி, டெச்சிமான் பக்கமெல்லாம் முந்திரி விளைகிறது. பெரும்பகுதி உடைக்காமலே, கொட்டையாகவே ஏற்றுமதி. வாங்குவது லண்டன் இல்லை, நியூயார்க் இல்லை. வியட்நாமும் இந்தியாவும். தூத்துக்குடியில் இறங்கி பண்ருட்டி வரை வருகிறது. நாலு கிலோ கொட்டையை உடைத்தால் ஒரு கிலோ பருப்பு. உடைக்கிற கூலியும் பருப்பின் லாபமும் நம் பக்கம். பண்ருட்டியில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிற பெண்களின் பிழைப்பு அது, அதைக் குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை.

போன வருடம் உறவினர் கல்யாணத்துக்குப் பண்ருட்டி போயிருந்தபோது, ஒரு முந்திரிக் கம்பெனி வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த சணல் சாக்குகளில் 'கானா' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தேன். நின்று பார்ப்பதைக் கண்டு காவலாளி, "என்ன சார், சாக்கு வேணுமா? காலிச் சாக்கு பத்து ரூபா" என்றார். ஒன்று வாங்கிக்கொண்டேன். வீட்டில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம்.

விளக்கு எரிகிறது, நேரம் முடிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி. வணக்கம்.